எப்போதும் பகலாக இருக்கும் தெரு

கும்மிடிப்பூண்டி
15.6.2025, இரவு

அன்புள்ள சோனியா அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் இருக்கும் அந்தக் கடம்பத்தூர் அக்காவிடம்கூடக் காட்டாதே, நீங்கள் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி. படித்ததும் கிழித்துவிடு. கிழிக்க மனசு வராவிட்டால் உன் நர்சிங் காலேஜ் உடற்கூறியல் புத்தகத்துக்குள் வை. அதை யாரும் தானாகத் திறக்க மாட்டார்கள் என்று நீதானே சொன்னாய்.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முட்டி வலி முன்னைக்குப் பரவாயில்லை. உன் சுகத்தை எழுது. ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதாதே, அது சுகத்தில் சேராது.

போனில் சொல்லியிருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் மதர் உங்களுக்குப் போனைக் கொடுத்ததும் அம்மா இங்கே ஸ்பீக்கரைப் போட்டுக் கூடத்தின் நடுவில் வைத்துவிடுகிறாள். அதில் நான் "நல்லா இருக்கேன்க்கா" என்று மட்டும்தான் சொல்ல முடியும். பதிலைப் பூமிகா வீட்டு முகவரிக்குப் போடு. அவள் என் வகுப்புதான், வாய் திறக்க மாட்டாள்.

விஷயம் இதுதான். போன வாரம் நைனா மவுஸைப் பிடுங்கிக்கொண்டார். கம்பெனி ஆபீசில் கழித்துப் போட்டதென்று அவர் வாங்கி வந்தாரே, அந்தக் கம்ப்யூட்டரின் மவுஸ். பொழுது சாய்ந்தால் நான் கடைக்குப் போவதில்லை, கோவில் ஜெபக்கூட்டத்துக்கு வருவதில்லை, திரை முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நான் எந்தப் பையனுடனோ பேசுகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நைனா ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது மவுஸை உருவி, கைக்குட்டையில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் போட்டார். "இனிமே அது எப்டி ஓடுதுன்னு நானும் பாக்குறேன்" என்றார். மவுஸ் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் செத்துவிடும் என்று நினைக்கிறார். பாவம், தினமும் அது அவரோடு கிரேன் மேலே ஏறி இரும்புக் கம்பிகளைப் பார்த்துவிட்டு வருகிறது.

ஆனால் அக்கா, நான் மவுஸைத் தொட்டே பல மாதம் ஆகிறது. டேப் பொத்தானை அழுத்தினால் ஒரு நீலக் கட்டம் ஒவ்வொரு இடமாகத் தாவுகிறது. வேண்டிய இடத்தில் என்டர் அடித்தால் திறக்கிறது. ஆல்ட்டோடு இடது அம்பு போட்டால் வந்த வழியே திரும்பலாம். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பக்கம் கீழே இறங்குகிறது, படியில் இறங்குவதைப்போல.

ஏன் இப்படி என்று கேட்பாய். மவுஸை நகர்த்தினால் திரையில் ஓடும் அந்த வெள்ளை அம்பு எனக்குக் கிடைப்பதில்லை. ஆட்டி ஆட்டிப் பார்ப்பேன். எங்கேயோ நீந்திக்கொண்டிருக்கும், நான் பார்க்கும் இடத்தில் மட்டும் இருக்காது. பொழுது சாய்ந்த பிறகு வெளியே எதுவும் தெரிவதில்லை. தெருவில் விளக்கு மட்டும் தெரியும், விளக்குக்குக் கீழே தெரு இருக்காது. திரை ஒன்றுதான் வெளிச்சம். அதனால்தான் அதன் முன்னால் உட்காருகிறேன்.

நைனாவிடம் சொன்னால் ரோசம்மாள் அத்தை மாதிரி ஆக்கிவிடுவார்கள். மாலைக்கண் என்று தெரிந்த அன்றோடு அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி எளாவூர் வீட்டில் உட்கார வைத்தார்களே, இன்னும் அங்கேயேதானே உட்கார்ந்திருக்கிறாள். நான் பிளஸ் ஒன் இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன். தயவுசெய்து சொல்லாதே.

உன் தங்கை,
பிரின்சி


திருவள்ளூர்
28.6.2025

மவுஸ் இல்லாத மகாராணிக்கு அக்காவின் முத்தங்கள்.

நான் சுகம். சாம்பாரைப் பற்றி எழுதக் கூடாது என்றதால் ரசத்தைப் பற்றி எழுதுகிறேன்: இரண்டும் ஒரே அண்டாவிலிருந்துதான் வருகின்றன.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. சிறுநீரகப் பாடத்துக்குள் இருக்கிறது. நைனா மவுஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு போவதை நினைத்து வார்டில் சிரித்துவிட்டேன், சிஸ்டர் முறைத்தார்கள்.

இரண்டு கேள்வி கேட்கிறேன், மழுப்பாமல் பதில் எழுது. அந்த அம்பு ராத்திரியில் மட்டும்தான் கிடைக்கவில்லையா, பள்ளிக்கூட லேபில் பகலிலும் கிடைப்பதில்லையா? நடக்கும்போது கதவுநிலையில் தோள் இடிக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன். இங்கே கண் வார்டுக்கு எங்களை மாற்றப் போகிறார்கள், அதனால் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"எல்லாரும் சுகம்" என்று எழுதினாயே, அந்த எல்லாரில் நீயும் உண்டா?

சோனியா


கும்மிடிப்பூண்டி
13.7.2025, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். நேற்று மழை. தெருவில் கம்பெனி பஸ் தேங்கிய தண்ணீரில் நின்றுபோய், ஆட்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் உன் ஹாஸ்டல் வாசல் வரைக்கும் வந்துவிட்டுப் போனேன்.

பயப்படாதே, வீட்டிலிருந்துகொண்டேதான். விடியற்காலையில் கேன்டீனுக்குப் போய் இட்லி ஊற்ற வேண்டும் என்று அம்மா சீக்கிரமே விளக்கை அணைத்துவிடுகிறாள். அதற்கப்புறம் வீட்டில் வெளிச்சம் திரை மட்டும்தான். கண்ட்ரோலும் எல்லும் சேர்த்து அழுத்தினால் மேலே எழுதும் இடத்துக்குப் போய்விடலாம். அதில் மேப்பைக் கேட்டேன். மேப்பில் அம்புப் பொத்தான்களை அழுத்தினால் பூமி நகருகிறது. நம் ஸ்டேஷனிலிருந்து தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர். பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் உன் ஊர்த் தண்டவாளமும் நம் ஊர்த் தண்டவாளமும் வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அங்கே சற்று நேரம் நின்றேன். ஒரு சடையைப் பிரித்துப் பார்ப்பதைப்போல இருந்தது. அப்புறம் உன் ஊர்த் தடத்தைப் பிடித்துத் திருவள்ளூர் வந்தேன்.

அங்கே தெருவுக்குள்ளேயே இறங்கலாம் அக்கா. ஏதோ ஒரு வண்டி மேலே காமிராவை வைத்து எல்லாத் தெருவையும் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். மேல் அம்பை அழுத்தினால் ஒரு தாவல் முன்னே போகலாம். இடது வலது அம்பை அழுத்தினால் தலையைத் திருப்பலாம். மவுஸ் வேண்டவே வேண்டாம்.

அந்தத் தெருவில் எப்போதும் பகல். நான் எத்தனை மணிக்குப் போனாலும் பகல். வெயில் சுவரில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாழைப்பழ வண்டிக்காரர் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறார், இன்னும் கீழே வைக்கவில்லை. ஒரு நாய் கொட்டாவி விட்டு முடிக்கவில்லை. யாரும் என்னை இடிக்க மாட்டார்கள், நான் யாரையும் இடிக்க மாட்டேன். இங்கே நம் தெருவில் ஆறரை மணிக்குமேல் நாலு வீடு தள்ளி இருக்கும் கடைக்கு நான் போக மாட்டேன். அங்கே ராத்திரி பதினோரு மணிக்கு உன் ஊரை முழுக்கச் சுற்றினேன்.

உன் ஹாஸ்டல் வாசலில் மஞ்சள் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? எதிரே ஒரு டீக்கடையில் பெஞ்சு தலைகீழாகக் கவிழ்ந்திருக்கிறதா? கேட்டுக்கு வெளியே பூப்போட்ட சுடிதாரில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். எல்லார் முகத்தையும் அழித்து வைத்திருப்பதால் நீதானா என்று தெரியவில்லை. ஆனாலும் உன்னிடம் குட்நைட் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

நாளைக்கு எளாவூர் போகலாம் என்றிருக்கிறேன்.

பிரின்சி


திருவள்ளூர்
27.7.2025

அன்புள்ள பிரின்சி,

நான் சுகம். தொட்டி மஞ்சள்தான். டீக்கடை இப்போது இல்லை, அங்கே ஜெராக்ஸ் கடை வந்துவிட்டது. நான் அந்த மாதிரி சுடிதார் போட மாட்டேன் என்று கடம்பத்தூர்க்காரி சொல்கிறாள். (உன் கடிதத்தைக் காட்டவில்லை. சுடிதாரைப் பற்றி மட்டும் கேட்டேன்.)

படிக்க அழகாக இருந்தது. ஆனால் நான் கேட்ட இரண்டில் ஒன்றுக்கும் பதில் இல்லை.

சரி, விளையாட்டாக ஒன்று செய். திரை முழுக்க வெள்ளையாக ஒரு பக்கம் வைத்துக்கொள். அதன் நடுவையே பார். கண்ணை நகர்த்தாதே. திரையின் நாலு மூலையும் தெரிகிறதா என்று மட்டும் எழுது. ஒரு வரி போதும்.

அத்தை வீடு வந்ததா?

சோனியா


கும்மிடிப்பூண்டி
10.8.2025, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். பரீட்சை நெருங்குவதால் விளையாட நேரமில்லை, கோபித்துக்கொள்ளாதே.

எளாவூர் போனேன். ஹைவேயில் லாரிகள் செக்போஸ்ட் வரைக்கும் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குப் பக்கத்திலேயே நடந்து போனால் அத்தை வீடு. அத்தை வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அக்கா. முகத்தை அழித்திருக்கிறார்கள், ஆனாலும் அவள்தான். காலை மடித்து வைத்திருக்கும் விதம் தெரியாதா நமக்கு. அவள் மேலும் நல்ல வெயில். நான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்க்கிறாள் என்று தோன்றியது, கண் இல்லாத முகத்தால்.

அதைவிட ஆச்சரியம் ஒன்று. உதவித்தொகைக்காக ஓர் அரசாங்கப் பக்கத்தைத் திறந்தேன். டேப்பை முதல் தடவை அழுத்தியதும் மேலே ஓரத்தில் இல்லாத ஒரு கதவு திறந்தது. சத்தியமாக அதற்கு முன்னால் அங்கே ஒன்றும் இல்லை. சின்னப் பட்டை ஒன்று வந்து நின்றது: "முதன்மை உள்ளடக்கத்துக்குச் செல்க." என்டர் அடித்தேன். விளம்பரம், படம், தலைவர்கள் எல்லாவற்றையும் தாண்டி நேரே விஷயத்தில் கொண்டுபோய் விட்டது. திரும்பிப் போய்ப் பார்த்தால் பட்டை இல்லை. டேப் அடித்தால் மறுபடி வருகிறது.

பூமிகாவிடம் கேட்டேன். அவள் அந்தப் பக்கத்தைப் பல தடவை பார்த்திருக்கிறாளாம், அப்படி ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொல்கிறாள். மவுஸ் பிடிக்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது அக்கா. இப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் டேப் அடித்துப் பார்க்கிறேன். சிலவற்றில் கதவு இருக்கிறது, சிலவற்றில் இல்லை. இருந்தால் யாரோ எனக்காக வாசலில் காத்துக்கொண்டிருந்த மாதிரி இருக்கிறது. யார் எனக்காக வைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்குள் நான் நடப்பதும் இப்படித்தான். கட்டில், அதிலிருந்து தையல் மிஷின், அதிலிருந்து ஃபிரிட்ஜ், அதிலிருந்து தாழ்ப்பாள். ஒவ்வொன்றாகத் தாவிப் போவேன். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து நைனா வந்து டிபன் பாக்ஸால் கதவைத் தட்டினால், இருட்டில் இப்படிப் போய்த்தான் திறப்பேன். கை எதையும் தடவுவது தெரியாமல் தடவுவேன். அவருக்குத் தெரியவே தெரியாது.

பிரின்சி


கும்மிடிப்பூண்டி
31.8.2025, இரவு

அக்கா,

நீ ஏன் பதில் போடவில்லை? பூமிகா வீட்டில் தினமும் கேட்கிறேன். அவள் அம்மா, "இன்னாமே, மாப்ள எதுனா லெட்டர் போடுறானா" என்று கேலி பண்ணுகிறார்கள்.

அந்தக் கதவு யாருக்கு வைத்தது என்று தெரிந்துவிட்டது. பட்டைக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது, "திரை வாசிப்பான்" என்று. உள்ளே போனேன். பார்வைக் குறைபாடு உடையவர்கள் இத்தளத்தைப் பயன்படுத்த, என்று ஆரம்பித்தது. அதற்குமேல் படிக்கவில்லை. கண்ட்ரோலும் டபிள்யூவும் அடித்து மூடிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, மூடியதைத் திறக்க கண்ட்ரோல், ஷிஃப்ட், டி. அப்படியே வந்தது. மறுபடியும் மூடினேன். இப்படியே செய்துகொண்டிருந்தேன்.

நேற்று அம்மா கேஸ் சிலிண்டரை ஃபிரிட்ஜுக்கு முன்னால் நகர்த்தி வைத்திருக்கிறாள். கதவைத் திறக்கப் போய் விழுந்தேன். தூக்கக் கலக்கம் என்று சொன்னேன். "ராவெல்லாம் இன்னா பண்ணிக்கினு இருக்க" என்றார் நைனா.

எல்லாரும் சுகம்.

பி.


திருவள்ளூர்
14.9.2025

என் பிரின்சிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. கண் வார்டில் போட்டுவிட்டார்கள். நடுவில் ஒரு நாள் சொட்டு மருந்து விட்டதால் எழுத்தெல்லாம் மங்கலாக இருந்தது, எழுத முடியவில்லை. வேறொன்றுமில்லை.

நான் உன்னை விளையாடச் சொல்லவில்லை, உனக்கும் தெரியும். இங்கே ஒரு டாக்டர் அம்மா இருக்கிறார்கள். யார் என்று சொல்லாமல் உன்னைப் பற்றிக் கேட்டேன். ராத்திரியில் தெரியாமல் போவதும், ஓரத்தில் இருப்பது தெரியாமல் போவதும் சில குடும்பங்களில் தொடர்ந்து வருமாம். பெயர் நீளமாக இருக்கிறது, பெயரைப் பார்த்துப் பயப்படாதே. எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வேகம், ஏதாவது தடுக்க முடியுமா என்பதெல்லாம் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தால்தான் தெரியும். பார்க்காமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை என்றும் சொன்னார்கள். அதை நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கலாமாம்.

ஆனால் உனக்குப் பதினாறு வயது. நைனாவோ அம்மாவோ கூட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதை நான் செய்ய முடியாது.

சொல்லிவிடு.

அந்தக் கதவை வைத்தவர்கள் உன்னைப் பயமுறுத்த வைக்கவில்லை. நீயே எழுதினாய், யாரோ வாசலில் காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது என்று. அது உண்மைதானே?

சோனியா


கும்மிடிப்பூண்டி
3.10.2025, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம்.

சொட்டு மருந்து உன் கண்ணில்தானே விட்டார்கள்? நீ உன் கண்ணைக் காட்டியிருக்கிறாய். உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பார்கள், இல்லாவிட்டால் உன் எழுத்து இவ்வளவு நேராக இருக்காது. எனக்குச் சந்தோஷம். நிஜமாகவே.

நான் சொல்லவில்லை அக்கா. சொல்ல முடியாதபடி ஒன்று நடந்துவிட்டது. கேள்.

போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் எங்கள் கம்ப்யூட்டர் மிஸ் நைனாவிடம், "உங்க பொண்ணு மவுஸே தொடறதில்ல, கிளாஸ்லயே அவதான் ஃபாஸ்ட்" என்று சொல்லிவிட்டார்கள். நைனா வீட்டுக்கு வந்து சாப்பாட்டுப் பையிலிருந்து மவுஸை எடுத்து, கைக்குட்டையைப் பிரித்து, மேஜை மேல் வைத்தார். "மூணு மாசமா இத்த சொமந்துகினு திரிஞ்சேன் பாரு, என்ன மாதிரி ஒரு பேக்கு இந்த சிப்காட்லயே கெடையாது" என்றார். அம்மா சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தாள். அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் இதே பேச்சு. டீக்கடையில் சொல்கிறார், பாதர் அன்புசெல்வனிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா பொரி வாங்க மட்டும் என்று வந்தாள். கிரேன் கொக்கிக்குச் சாமந்தி மாலை, ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு. மவுஸுக்குத் தனியாக ஒரு முழம் பூ சுற்றி வைத்திருந்தார்கள். நைனா தன் மேனேஜர் மணவாளன் சாரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

"சார், எங்க பொண்ணு மவுஸ தொடாமயே எல்லாம் ஓட்டும்."

"பூஜை போட்டாச்சே ஸ்டீவன். நாளைக்குத்தான் ஆயுதத்தைத் தொடணும்."

"பூ சுத்தினது மவுஸுக்குத்தான சார். அத இவ தொடவே மாட்டா. கீபோர்டுல வெறும் பொட்டுதான். பொட்டத் தொட்டா இன்னா சார் குத்தம்."

எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்து, உட்காரம்மா என்றார். கீபோர்டில் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. நான் தட்டத் தட்ட விரலெல்லாம் மஞ்சளானது. யாரோ கம்பி ரேட் கேட்டார்கள், யாரோ ரயில் நேரம் கேட்டார்கள், எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். "கையப் பாரு, கோலம் போடுற மாதிரி" என்று ஒரு ஆன்ட்டி சொன்னார்கள். நைனாவை நான் நேரே பார்க்கவில்லை. அவர் மூச்சு விடுவதிலேயே சந்தோஷம் தெரிந்தது.

அப்புறம் நைனா, "எங்க எளாவூர் ஊட்ட காட்டு" என்றார். காட்டினேன். லாரிகளைத் தாண்டி அத்தை வந்தாள். "இது யாரு, முகமே தெரியலயே" என்றார் சார். "எங்க அக்கா சார். அதுக்குப் பொழுது போனா கண்ணு தெரியாது" என்றார் நைனா. அதற்குமேல் எதையும் காட்டச் சொல்லவில்லை.

நானும் நைனாவும் பைக்கில் வீட்டுக்கு வந்தோம். அம்மா கம்பெனி வேனில் வந்தாள். வழியில் ஒன்றுமில்லை.

அவர் எதைத் திறமை என்று நினைக்கிறாரோ அது திறமை இல்லை என்று நான் எப்படிச் சொல்வது?

பிரின்சி


திருவள்ளூர்
19.10.2025

பிரின்சி,

நான் சுகம். தீபாவளிக்கு லீவு இல்லை. பட்டாசு பட்டு வருகிறவர்களுக்காகக் கண் வார்டில் எல்லாரும் இருக்க வேண்டுமாம்.

ஆமாம், என் கண்ணைத்தான் காட்டினேன். பயம்தான். உனக்கு வந்தது எனக்கும் இருக்குமோ என்று. இல்லை என்றார்கள். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஏன் என்று கேட்காதே.

அது திறமை இல்லை என்று யார் சொன்னது? வழி மூடியபோது நீயே இன்னொரு வழி கண்டுபிடித்தாய். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கீபோர்டு சந்தனத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவள் "வழியில் ஒன்றுமில்லை" என்று ஒரு வரி எழுதினால் நான் நம்ப மாட்டேன். அத்தையைப் பார்த்த பிறகு நைனா என்ன சொன்னார்? முழுக்க எழுது.

நவம்பர் கடைசியில் டாக்டர் அம்மா மாற்றலாகிப் போகிறார்கள். அதற்குள் வந்தால் சென்னையில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சீட்டு எழுதித் தருவார்கள். நான் நைனாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம். சொல்லவில்லை. முதல் கடிதத்தில் நீ கேட்டதற்காகத்தான். நீயே சொல்.

சோனியா


கும்மிடிப்பூண்டி
9.11.2025, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நைனா சுகம். அம்மா சுகம். நான் சுகமில்லை.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டிலிருந்து போன எந்தக் கடிதத்திலும் இப்படி ஒரு வரி இருந்திருக்காது.

அம்மா தூங்கிவிட்டாள். எஃப் லெவனைத் தட்டி ஒரு வெற்றுப் பக்கத்தைத் திரை முழுக்க விரித்து வைத்திருக்கிறேன். அதுதான் என் விளக்கு. இந்த வெளிச்சத்தில்தான் உனக்கு எல்லாக் கடிதமும் எழுதினேன். நீ சொன்ன விளையாட்டை இன்றைக்குத்தான் விளையாடினேன். நடுவையே பார்த்தேன், கண்ணை நகர்த்தவில்லை. மூலைகள் இல்லை அக்கா. ஒன்றுகூட இல்லை. என் திரை வட்டமாக இருக்கிறது, நிலா மாதிரி. அழகாகத்தான் இருந்தது. அப்புறம் அழுதேன்.

வழியில் நடந்ததைக் கேட்டாய். எழுதுகிறேன். பைபாஸ் தாண்டியதும் நைனா வண்டியை ஓரங்கட்டினார். இறங்கவில்லை, திரும்பவும் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார். "எங்க நைனா அன்னிக்கே எங்க அக்காவ டாக்டராண்ட கூட்டினு போயிருக்கலாம். ஊருல பேச்சாயிடும்னு ஊட்லயே குந்த வெச்சிட்டாரு. நானும் பெரியவனாகி, வேலைக்கு வந்து, ஒரு நாளு கேட்டனா? கேக்கலியே. அந்தப் படத்துல மூஞ்சி இல்லாம குந்தினு இருக்குது பாரு" என்றார். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. பொழுது சாய்ந்துவிட்டது, எனக்கு அவருடைய வெள்ளைச் சட்டைகூட மறைந்துகொண்டிருந்தது.

அப்போது கேட்டார். "உனக்கு ஒண்ணும் இல்லியே கண்ணு?"

நான் இல்லை நைனா என்றேன்.

என் விரலில் சந்தனம் காய்ந்திருந்தது. அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். அதனால்தான். அவர் கொஞ்ச நேரம் வண்டியைக் கிளப்பவே இல்லை. இன்னொரு தடவை கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அத்தையை அவர்கள் நிறுத்தியதற்குத்தான் நான் பயந்தேன். நைனாவும் அதற்குத்தான் பயந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து கடைசி வரைக்கும் படித்தேன். பாதியில் மூடவில்லை. திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துக் காட்டுமாம். தமிழும் படிக்குமாம். நான் பழகிய பொத்தான்களேதான், புதிதாக ஒன்றுமில்லை. நான் ஏற்கெனவே அந்த வாசலுக்கு உள்ளேதான் இருக்கிறேன் போலிருக்கிறது.

வாயால் சொல்ல எனக்கு வராது, தனியாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அதனால் வேறு மாதிரி யோசித்திருக்கிறேன். இன்றைக்கு நைனாவுக்கு இரண்டாவது ஷிஃப்ட். வந்து டிபன் பாக்ஸால் தட்டுவார். எப்போதும் திரையை அணைத்துவிட்டு, கையை உடம்போடு ஒட்டி வைத்து, தடவாததைப்போலத் தடவிக்கொண்டு போவேன். இன்றைக்குத் திரையை அணைக்கப் போவதில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு போவேன். அத்தை சாயந்திரத்தில் நடப்பாளே, அப்படியே. கதவைத் திறந்த பிறகும் கையை இறக்க மாட்டேன். பின்னாலிருந்து வெளிச்சம் விழும், அவருக்கு என் கை நன்றாகத் தெரியும். அவர் இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். ஒரு வார்த்தையும் வேண்டியிருக்காது.

முதல் கடிதத்தில் யாரிடமும் காட்டாதே என்றேன். டாக்டர் அம்மா கேட்டால் எல்லாவற்றையும் காட்டு. சிறுநீரகத்திலிருந்து எடுத்துக் கண் பாடத்தில் வைத்துக்கொள்.

உன் அறையில் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றாயே, அதற்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு இல்லாமல் போனதற்காக நீ

தட்டுகிறார். டிபன் பாக்ஸ்தான். அம்மா புரண்டு படுக்கிறாள். திரையை அணைக்கவில்லை அக்கா, கையை நீட்டி